சுவரிலிருந்து வந்த கை

“இந்தச் சாளரத்தில்தான் கவிஞர் தெய்வத்தின் கையைக் கண்டார்” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன். சுற்றுலா வந்தவர்கள் முறைவைத்துக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்சுவரில் இடுப்பு உயரத்தில் இருக்கும் சதுர ஓட்டை அது. அந்தப் பக்கம் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் சந்து. தெய்வம் எதற்கு அந்தச் சந்துக்குள் வரவேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

நானும்தான். பத்தாம் வகுப்பில் அந்தக் கவிதை எங்களுக்குப் பாடம். சுவருக்குள்ளிருந்து ஒரு கை வருகிறது. வெண்மையைக் கொடுத்துவிட்டு முகம் காட்டாமல் போகிறது. கை இறைவன், வெண்மை ஞானம். அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். டோபி கானாவில் எங்கள் வரிசையில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மட்டாஞ்சேரியில் கவிஞரின் குடும்ப வீட்டை நினைவில்லமாக்கி, சுற்றிக்காட்ட ஆள் தேடியபோது அந்தப் பட்டம்தான் என்னை உள்ளே விட்டது.

வீட்டைக் குறைசொல்ல முடியாது. பாலக்காட்டிலிருந்து கணக்கெழுத வந்த கவிஞரின் கொள்ளுத்தாத்தா வெட்டுக்கல்லில் கட்டிய கீழ்த்தளம். மிளகு வியாபாரத்தில் இறங்கிய மகன் எழுப்பிய மாடி. கடுக்காய்ச் சாறு சேர்த்த சுண்ணாம்பை மறுபடி பூசியிருக்கிறார்கள். நடுமுற்றத்தில் நான்கு பக்கமும் மழை இறங்கும்போது எனக்கே கோபம் ஆறிவிடும்.

ஒருநாள் சாப்பாட்டை மறந்துவிட்டு வந்தேன். மதியம் பின்கட்டில் நிற்கையில், ஓட்டை வழியாக ஒரு கை தூக்குப்பாத்திரத்தோடு உள்ளே வந்தது. சலவைக் காரத்தில் வெளுத்து, நுனி சுருங்கிய அம்மாவின் விரல்கள்.

“செல்வி, இந்தாடீ.”

“முன்வாசல்ல வரலாம்ல?”

“செருப்பக் கழட்டணும், கால் கழுவணும், எவ மெனக்கெடுவா? நம்ம வாசல் இதான. கல்யாணமாயி வந்த புதுசுல இதுலதான் துணி வாங்குவேன், வெளுத்துக் குடுப்பேன். தண்ணி தெளிச்சுத்தான் எடுப்பாங்க. அப்புறம் மெஷின் வந்துருச்சு.”

பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றேன். முன்வாசல் தாழ்வானது. குனிந்துதான் நுழைய வேண்டும். ‘பணிவு கற்றுத்தரும் வாசல்’ என்று அங்கே பலகை இருக்கிறது. அந்தப் பணிவுகூட எங்களுக்கு அனுமதிக்கப்படவில்லை.

மறுநாளே வெங்கிடேஷ் சாரிடம் போய் அம்மா சொன்னதைச் சொன்னேன். கவிஞரின் மகன், நினைவில்லத்தின் செயலாளர்.

“அறியும் கொழந்தே. எங்காத்துல எல்லார்க்கும் அறியும்.”

“அப்ப பலகையில எழுதலாமே சார்.”

“என்னன்னு? அழுக்குத்துணி போடற ஓட்டைன்னா? கவிதைங்கறது மேல போற சாதனமாக்கும், கேட்டியா. நீ அதைப் பிடிச்சு இழுத்து மறுபடி சந்துல போடறே.”

“சந்துலதான சார் இருந்துச்சு?”

சிரித்தார். “நன்னா பேசறே. வெள்ளிக்கிழமை ஸ்கூல் கொழந்தேள் வரா, நானும் கூட வரேன். எழுதித் தந்ததை மட்டும் சொல்லு. சொன்னா, நிரந்தர வேலைக்கு அன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

அம்மா ஏற்கெனவே டோபி கானா முழுக்கச் சொல்லியாகிவிட்டது: “எம்பொண்ணுக்கு ஃபேனுக்கடியில நின்னு பேசற வேலை.”

வெள்ளிக்கிழமை நான் சாப்பாட்டை மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன்.

திருப்பூணித்துறையிலிருந்து வந்த பிள்ளைகளை நடுமுற்றத்தில் நிறுத்தி, ஓடுகளைப் பற்றி வெகுநேரம் பேசினேன். எனக்கு ஓடுகள்மீது அவ்வளவு பிரியம் கிடையாது. வெங்கிடேஷ் சார் தூணில் சாய்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். உச்சி வெயில் முற்றத்துக்குள் இறங்கிய பிறகுதான் எல்லோரையும் பின்கட்டுக்கு அழைத்துப்போனேன்.

“இந்தச் சாளரத்தில்தான் கவிஞர்…” என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

கை வந்தது. முன்னால் நின்ற ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: “இது ஆருடெ கையா சேச்சீ?”

வெங்கிடேஷ் சார் தூக்குப்பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் சட்டைப்பையில் பேனா இருந்தது.

நான் பாத்திரத்தை வாங்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். ஈரமாக, சோப்பு வாசனையோடு இருந்தது.

“விடுடீ,” என்றது சுவர். “வெள்ளாவி அணைஞ்சிரும். இன்னிக்குமா மறந்துட்டுப் போவ?”

நான் விடவில்லை. கேட்ட பெண் கிட்டே வந்து, சுருங்கிய விரல்நுனியைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கம் அம்மா கையை இழுப்பதை நிறுத்தினாள்.