ஒன்பது த்ரெட்டும் ஒரு நர்ஸும்

1
இந்தக் கதை என் தங்கை சொன்னது. செல்போன் ஆப் எழுதுகிறவள். திட்டு வாங்கிய கதை என்று நினைத்துத்தான் காது கொடுத்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'போன் செத்துக் கிடந்தது, பெரியவருக்கோ மூச்சு...' வேண்டாம். பயமுறுத்தி உங்களை இழுக்க மனசில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2
வீடு வீடாகப் போகும் நர்ஸ்களுக்கான ஆப் அது. ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்தால் ஒரு த்ரெட் கிளம்பி, நர்ஸ் எழுதுவதைச் சேமித்து அனுப்பும். (த்ரெட் என்றால், திரைக்குப் பின்னால் தனியாக ஓடும் ஒரு வேலை.) பக்கத்தை மூடினால் அதுவும் நிற்க வேண்டும். நிறுத்தச் சொல்லத் தங்கை மறந்திருந்தாள். ஒன்பது வீடு, ஒன்பது த்ரெட். மதியத்துக்குள் பேட்டரி காலி.

ஒன்பதாவது வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறியது. நர்ஸ் போனை எடுத்தார், திரை கறுப்பு. தெருவில் ஓடி, கடைக்காரர் போனை வாங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

3
மறுநாள் அந்த நர்ஸிடமிருந்து தங்கைக்கு அழைப்பு.

"கத்தறதுக்குக் கூப்பிடலம்மா. எந்த வீட்டுல எவ்வளவு பேட்டரி குறைஞ்சதுன்னு சொல்றேன், எழுதிக்கோ."

(இவ்வளவு நல்லவரா என்று எனக்கே சந்தேகம். தங்கையிடம் கேட்டேன். "நல்லவங்கன்னு இல்லக்கா, பயங்கரக் கோவக்காரங்க. ஆனா எல்லாத்தையும் குறிச்சு வைப்பாங்க.")

அந்தக் குறிப்பால்தான் தவறு பிடிபட்டது. பக்கத்தை மூடியதும் த்ரெட்டை வெட்டிவிடும்படி தங்கை மாற்றினாள். மறுபடி அழைப்பு.

"பேட்டரி நிக்குது. ஆனா கடைசியா எழுதினது பாதியில போச்சு. டியூட்டி முடிஞ்சா ஊசியைக் குத்தினபடியே விட்டுட்டா கிளம்புவேன்? எடுத்து, பஞ்சு வச்சு, எழுதிட்டுத்தானே போவேன்?"

தங்கைக்குச் சுருக்கென்றது. திரும்ப எழுதினாள்: த்ரெட்டிடம் 'போதும்' என்று சொல்வது, புது வேலை எடுக்காமல், கையிலிருப்பதை முடிக்க விடுவது, முடித்தேன் என்று அது சொன்ன பிறகே மூடுவது.

அன்று மாலை நர்ஸிடமிருந்து செய்தி: ஒன்பது பதிவும் பத்திரம். பேட்டரி பாதிக்கு மேல்.

4
நேரில் நன்றி சொல்லப் போனாள். முடிவு ஒன்று: நர்ஸ் அவளைக் கட்டி அணைத்து... (சினிமா.) முடிவு இரண்டு: தங்கை அழுதாள். (இல்லவே இல்லையாம்.)

நடந்தது இவ்வளவுதான். மருத்துவமனை வராந்தாவில் நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "நீதானா? உட்காரு. ஆப்புல எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு, கண்ணாடி இல்லாம படிக்க முடியல."

தங்கை உட்கார்ந்தாள். மன்னிப்பா, நன்றியா, எதை முதலில் சொன்னாய் என்று கேட்டால் சிரிக்கிறாள். எனக்கு அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. அவள் வாய் திறக்கிறாள். வார்த்தையை நீங்கள் கொடுங்கள்.