ஏட்டில் ஏறாத நாற்பது பேர்

ஒச்சம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஆவாரம்பட்டி நூலகத்துக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறவள் அவள்தான். இதென்ன கூத்து என்று கேட்பவர்கள் அந்த நூலகத்தைப் பார்க்காதவர்களாக இருப்பார்கள்.

கன்னிவாடி போகிற சாலையில் இருக்கிற சின்ன ஊர். தெரு மாடுகளைப் பிடித்து அடைக்கிற பவுண்டுக்குப் பக்கத்தில் பஞ்சாயத்து ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தது. 1960ஆம் வருஷம் மதுரையிலிருந்து ஓர் அலமாரியும் முந்நூறு புத்தகங்களும் வந்து இறங்கின. பள்ளிக்கூட வாத்தியார் பவுல்ராஜுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் நூலகர் வேலை. சுவரில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. அந்தப் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து மனுஷன் தொண்டை கிழிய வாசிப்பார். வேறு என்ன செய்வார், பாவம்! ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் ஏழு பேர். கேட்க வருகிறவர்களோ நாற்பதுக்குக் குறையாது. பெண்கள் விதைக்கடலையை மடியில் கட்டிக்கொண்டு வந்து, உடைத்தபடியே கேட்பார்கள். முதலில் பேப்பர், அப்புறம் கதை.

ஆரம்பத்தில் ஒச்சம்மாள் வாசலோடு நின்றுதான் கேட்டாள். ஓசியில் கிடைப்பதற்கு உள்ளே போய் உட்காரக் கூச்சம்.

"ஓசியெல்லாம் இல்லக்கா," என்றார் பவுல்ராஜ். "நீங்க கட்டுற வீட்டு வரியில ரூபாய்க்கு மூணு நயா பைசா நூலக வரி. அதோட சர்க்கார் குடுக்குற பணமும் சேந்துதான் இந்தப் புத்தகம், பேப்பர், என் சம்பளம் எல்லாம்."

"அப்ப ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குறதே நாந்தேன்னு சொல்லுங்க!"

மறுநாளிலிருந்து அவள் முன்வரிசை. ஒரு வார்த்தை காதில் சரியாக விழாவிட்டாலும் மறுபடி வாசிக்கச் சொல்லுவாள்.

இப்போது ஒரு கதை பாதியில் நிற்கிறது. மாமியார் கொடுமை தாங்காத ஒரு பெண், கைக்குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். அவள் பஸ் ஏறினாளா, திரும்பினாளா என்று தெரியாமல் ஒச்சம்மாளுக்கு வேலையே ஓடவில்லை.

அன்றைக்குப் பவுல்ராஜ் புத்தகத்தைத் திறக்கவில்லை. கையில் ஒரு கடிதம் இருந்தது. நாளைக்கு நூலக ஆய்வாளர் வருகிறார். தினமும் இருபது பேராவது வந்துபோவதாக வருகை ஏடு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அலமாரி வேறு ஊருக்குப் போய்விடும்.

"நாப்பது பேரு உக்காந்திருக்கமே, போதாதாமா?" என்றாள் கடலை உடைத்துக்கொண்டிருந்த பொன்னழகு.

"ஏட்டுல ஏழு கையெழுத்துதான இருக்கு? கைநாட்டு வைங்கன்னு ஒரு வருஷமாக் கெஞ்சிட்டிருக்கேன்."

கைநாட்டு என்றாலே ஊருக்குப் பயம். ஒச்சம்மாளின் அப்பன் விதைக்கடன் என்று நம்பி ஒரு காகிதத்தில் கட்டைவிரலை வைத்தவர். அது கிரயப் பத்திரம் என்பது கிணறும் இரண்டு ஏக்கரும் கைவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது. ஊரே பார்க்க நடந்த அநியாயம். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் எந்தக் காகிதத்திலும் விரலை வைப்பதில்லை.

"நீங்களே எங்க பேரையெல்லாம் போட்டுக் கிறுக்கி விட்டுருங்களேன், வாத்தியாரே," என்றாள் பொன்னழகு.

"பொய்யா எழுதுனா, ஒச்சம்மாக்கா அப்பாவ ஏமாத்துன பத்திரத்துக்கும் இந்த ஏட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அந்த வார்த்தை ஒச்சம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் ஆய்வாளர் நைனா முகமது குடையும் பையுமாக பஸ்ஸை விட்டு இறங்கினார். அறையும் வாசலும் ஆட்களால் நிறைந்திருந்தன. ஏட்டைப் புரட்டிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான்.

"கூட்டத்த நான் கண்ணால பாக்குறேன், சார். ஆனா ஆபீஸுக்கு என் கண்ணையா அனுப்ப முடியும்? இன்னிக்குலேருந்து எல்லாரும் ஏட்டுல ஏறினா, மூணு மாசம் பொறுத்துப் பார்க்கலாம்னு எழுதுறேன். இன்னிக்கும் ஏழுதான்னா என்னால முடியாது."

ஒச்சம்மாள் அலமாரியைப் பார்த்தாள். நாளைக்கு அது இருந்த இடம் வெறும் சுவராக இருக்கும். கடலைத்தோல் உதிர எழுந்து வந்தாள்.

"வாத்தியாரே, நீங்க செத்த நேரம் வெளிய, காது கேக்காத தூரத்துல போயி நில்லுங்க."

பவுல்ராஜ் முழித்துக்கொண்டே வெளியே போனார்.

"ஐயா, அந்தத் தாள்ல என்னா இருக்குன்னு சத்தமா வாசிங்க."

நைனா முகமது வாசித்தார். ஊர், தேதி, இன்று நூலகத்துக்கு வந்தவர்களின் பெயர், கையொப்பம். அவ்வளவுதான். பிறகு அவரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பவுல்ராஜை உள்ளே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். அதுவேதான், ஓர் எழுத்துக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அரசாங்க உத்தியோகஸ்தரை இப்படி வெயிலில் நிறுத்திச் சோதித்தவள் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"நெலம், கெணறுன்னு ஒரு வார்த்தையும் இல்லையே?"

"இல்லக்கா."

ஒச்சம்மாள் கட்டைவிரலை மையில் ஒற்றினாள். இடது கையால் அதைப் பிடித்து ஏட்டில் அழுத்தினாள்.

"எங்கப்பனுக்கும் அன்னிக்கு ஒருத்தரு இப்பிடி வாசிச்சுக் காட்டியிருந்தா..." என்றாள்.

வாசலில் நின்ற நைனா முகமது கண்ணாடியைக் கழற்றினார். பொன்னழகு எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் வரிசை. பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போனது. ஸ்டாம்ப் பேடு காய்ந்துபோய்ப் பவுல்ராஜ் இரண்டு தடவை மை ஊற்றினார்.

ஒச்சம்மாள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ம், வாசிங்க வாத்தியாரே. அந்தப் புள்ள பஸ் ஏறுச்சா, இல்லையா?"