கோமுவின் சூடும் முக்கூடல் தண்ணீரும்

1995 சித்திரையில் ஒரு மத்தியானம் பேட்டை கோமுவின் உள்ளங்கையில் இருந்த அப்பளம் தானாகப் பொரிந்தது. சுடுவதற்காக டப்பாவிலிருந்து எடுத்தாள். அடுப்புக்குக் கொண்டுபோகுமுன்பே கொப்பளித்து, ஓரம் சிவந்து, பதமாக வந்துவிட்டது. அந்த மாதம் ரேஷனில் மண்ணெண்ணெய் சரியாகப் போடவில்லை என்பதால் வீட்டில் யாரும் இதைக் குறையாகச் சொல்லவில்லை. முந்தின வருஷம் புற்றுநோய் கண்டு அவளுடைய இடது மார்பை எடுத்திருந்தார்கள். மறுபடி வராமலிருக்க ஐந்து வருஷம் விழுங்கச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரைதான் சூட்டைக் கிளப்பியது. நெஞ்சுக்குழியில் தொடங்கி, கழுத்தேறி, காதுமடல் வரை தீயாய்ப் பரவும். வேர்த்து ஊற்றி அடங்கும். கண்ணயர்ந்தால் மறுபடி எழுப்பும். வெட்டின இடத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது. அழுகை வரவேண்டிய நேரத்திலும் அவளுக்கு வேர்வைதான் வந்தது.

சாரல் மாதத்தில் துணி காயாதபோது பக்கத்து வீட்டு மஹ்மூதா பீவி ஈரப் பாவாடைகளைக் கொண்டுவந்து கோமுவின் தோளில் போட்டுவிட்டு, "யக்கா, பச்சைப் பாவாடைய மட்டும் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கிடுங்க, இடுப்புப் பக்கம் கனம்" என்று சொல்லிப் போவாள். கோமு திருப்பிப் போட்டுக்கொள்வாள். அதில் அவளுக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அவள் வீட்டுக்காரர் நமச்சிவாயம் தாசில்தாராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அலுவலகத்துக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ரசத்தில் உப்புக் குறைந்தால் விளக்கம் கேட்பார். மனைவிக்கு எங்கே ஆபரேஷன் என்று விசாரித்தவர்களிடம் "தோள்பட்டைக்குக் கீழே, மேற்படி இடத்தில்" என்பார். மேற்படி இடத்தை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே தன் கட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார், காற்றோட்டம் கருதி.

ஆவணியில் கோமு மாத்திரையை நிறுத்தப்போவதாகச் சொன்னாள். சண்டையாகச் சொல்லவில்லை, பால்காரரை மாற்றப்போவதுபோலச் சொன்னாள். பாளையங்கோட்டை டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "நிப்பாட்டினா அது திரும்ப வரலாம். வந்தா என் கையில ஒண்ணும் இல்ல, பாத்துக்கிடுங்க."

"வந்தா வரட்டும் டாக்டர். வெந்துக்கிட்டே கெடக்கதுக்கு அது தேவல."

சூட்டுக்கு வேறு மருந்து உண்டு, ஆனால் அது இந்த நோய்க்காரர்களுக்கு ஆகாது என்றாள் டாக்டரம்மா. பிறகு, தனக்கே அரை நம்பிக்கையோடு, ஹிப்னாடிசம் செய்கிற ஞானையாவின் பேரைச் சொன்னாள்.

ஞானையா கல்லூரியில் மனோதத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பலகையில் பேரைவிடப் பட்டங்கள் நீளம். கடைசி இரண்டு, பலகையில் இடமில்லாமல், காம்பவுண்டுச் சுவரில் தொடர்ந்தன. பஸ்ஸில் கோமுவின் பக்கத்து சீட்காரர்கள் முறையிட்டதால் அவரே பேட்டைக்கு வந்தார். கட்டிலில் அவளைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் பிரித்துவைத்து, வேதக்கோயிலில் பாதிரியார் கல்யாண ஓலை வாசிக்கும் குரலில் தமிழாக்கிச் சொன்னார்: "தாங்கள் இப்பொழுது உறைந்த பனியின் மேல் சயனித்திருக்கிறீர்கள்." கோமு பனிமலை கண்டதில்லை. அவள் வாழ்க்கையில் தொட்ட பெரிய குளிர்ச்சி, அப்பா செத்தபோது அண்ணன் கல்கத்தாவிலிருந்து வரும்வரை உடம்புக்கு அடியில் வைத்த ஐஸ் பாளம்தான். அவர் சொன்னபடி போனாள். அப்பாவை நகர்த்திவிட்டு அங்கே படுத்தாள்.

சூடு உடனே நின்றது. கட்டிலுக்கு அடியில், உமி ஒட்டினபடி, இரண்டு ஐஸ் பாளங்கள் வந்து சேர்ந்தன. உருகின தண்ணீர் உமியோடு நடை தாண்டித் தெருச் சாக்கடைக்கு ஓடியது. பேட்டையில் ஒரு வீட்டிலிருந்து உமி கலந்த ஐஸ் தண்ணீர் ஓடினால், உள்ளே ஆள் போயாயிற்று, வெளியூர்ப் பிள்ளைக்காக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். யாரும் உள்ளே வந்து கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் அல்ல. சாயங்காலத்துக்குள் தெருவில் பெஞ்சு போட்டாயிற்று. அம்பாசமுத்திரத்து மதினிமார் பஸ்ஸிலிருந்தே அழுதுகொண்டு இறங்கினார்கள். பம்பாயில் மகன் குமரகுருபரன் ரயிலேறிவிட்டான். கோமு எழுந்துபோய் எல்லாருக்கும் காப்பி கலந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தவர்கள், வந்த காரியத்தைக் கருதி, அழுகையை நிறுத்தவில்லை.

சங்கு ஊதுகிற மாடக்கண்ணு வாசலில் நின்றார். "ஊதட்டுமா அண்ணாச்சி?"

"மேற்படி நபர் உயிரோடதான் இருக்கா, வே."

"நல்லாப் பாத்தீரா?"

ஒரு வருஷமாக நமச்சிவாயம் அவளைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய், அறை வாசலில் நின்று, கையில் காப்பித் தம்ளரோடு அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். "இருக்கா" என்றார். மாடக்கண்ணு சங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். மகன் வந்து, இட்லி சாப்பிட்டு, வந்த ரயிலிலேயே திரும்பினான்.

ஐஸ் கரைந்ததும் சூடு பழையபடி ஏறியது. கோமு மாத்திரை டப்பியைப் பரண்மேல் வைத்தாள். கடைசி முறையாக ஞானையாவை வரச்சொல்லி, புத்தகத்தை மூடச் சொன்னாள்.

"நான் சொல்லுத எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க சார்."

"வழிகாட்டுவது நானல்லவா அம்மா?"

"முக்கூடல் படித்துறை தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"பொறவு எப்படிக் காட்டுவீங்க?"

ஞானையா யோசித்துப் பார்த்தார். பட்டங்களில் எதிலும் அதற்குப் பதில் இல்லை. முக்கூடல் அவள் பிறந்த ஊர். மூன்றாவது படி பாசி, சேலையைத் தூக்கிக்கிடணும், அங்கன தண்ணி கணுக்கால், இங்கன முழங்கால் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் அதையே கல்யாண ஓலைக் குரலில் திருப்பிச் சொன்னார். தண்ணீர் இடுப்பைத் தாண்டி வெட்டின இடத்தைத் தொட்டபோது அங்கே ஜில்லென்றது. "தெரியுது சார்" என்றாள். அந்த வருஷம் அவள் எதைப் பற்றியும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். கண்விழித்தபோது சேலை நெஞ்சுவரை நனைந்திருந்தது, ஞானையாவின் கால்சட்டை முழங்கால்வரை. தரையில் ஆற்றுமணலும் அயிரை மீனும் கிடந்தன. சைவ வீடு என்பதால் மீனை மஹ்மூதா பீவி சட்டியில் அள்ளிக்கொண்டு போனாள். ஞானையா இன்னொரு பட்டம் சேர்த்து, சுவரைக் கொஞ்சம் நீட்டிக் கட்டினார்.

அதன்பின் கோமுவுக்கு அவர் தேவைப்படவில்லை. சூடு கிளம்பினால் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தானே இறங்கிவிட்டு வந்தாள். பரண்மேலிருந்த டப்பியை இறக்கி, மாத்திரையைத் தினமும் விழுங்கினாள். கோடையில் ஊருக்குள் ஆறு மணலாய்க் கிடந்தபோதும் அவளுக்குத் தண்ணீர் நெஞ்சளவு நின்றது. தண்ணீர் வரி வசூலிப்பவர் வந்து, வீட்டில் கூடுதல் குழாய் ஏதும் இல்லை என்று பார்த்துப் போனார். 1999 மார்கழியில் டாக்டரம்மா மாத்திரை போதும், உடம்பில் ஒன்றும் இல்லை என்றாள். கோமு "சரி" என்றாள். சூடு நின்றது. ஆற்றுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை.

ஒரு காலையில் நமச்சிவாயம் அறை வாசலில் வந்து நின்றார்.

"அங்கன தண்ணி எம்புட்டு இருக்கு?"

"நெஞ்சளவு."

"எனக்கு நீச்சல் தெரியாது."

"அது எனக்குத் தெரியும். வாட்ச்சக் கழத்தி வச்சுட்டு வாங்க. படி வழுக்கும், பைய எறங்கணும்."

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒவ்வொரு படியாக அவள் சொல்ல, ஒருமுறைகூட விளக்கம் கேட்காமல் இறங்கினார். மழை ஓய்ந்து ஆறு தெளிந்திருந்த காலம். தண்ணீருக்குள் எல்லாம் தெரிந்தது, மேற்படி இடமும். அவர் பார்த்தார்.

அன்று கொடியில் ஒரு சேலைக்குப் பக்கத்தில் ஒரு வேட்டியும் கிடந்தது. மார்கழி வெயில் ஆனதால் இரண்டும் உலர நேரமாயிற்று.