கிட்டாரின் தலைக்கு ஒரு வடிவம்

பீளமேட்டில் ஒரு வார்ப்பாலைக்கு மரத்தில் பேட்டர்ன் என்னும் வார்ப்பு மாதிரிகளைச் செய்து கொடுக்கும் பிரான்சிஸ், தம் மனைவி இளவேனிலுக்காகத் தம் கையாலேயே ஒரு கிளாசிக்கல் கிட்டார் செய்து முடித்திருந்தார். முடித்திருந்தார் என்பதுகூடச் சற்று மிகையான சொல்தான். உடலும் கழுத்தும் ஆகிவிட்டன, தலை ஆகவில்லை. தந்திகளை முறுக்கும் சாவிகள் பொருந்த வேண்டிய உச்சியில் இன்னும் ஒரு செவ்வகக் கட்டைதான் நின்றது.

கிட்டார் செய்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உடலின் அமைப்பை எவரும் எவரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். தலையின் வடிவம் மட்டும் செய்தவருக்கே உரியது. தூரத்தில் பார்த்தாலே இது இன்னாருடைய கைவேலை என்று தெரிந்துவிட வேண்டும்.

இந்த வழக்கம் பிரான்சிஸின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பதினெட்டு ஆண்டுகளாக அவருடைய பேட்டர்ன்களை மண்ணில் பதித்து உருவி, அந்தக் குழியில் இரும்பை ஊற்றிப் பம்புகள் வார்த்தார்கள். பம்புகள் கம்பெனியின் பெயரைத் தாங்கி ஊர் ஊராகப் போயின. பேட்டர்ன் பரணுக்குப் போயிற்று. தாம் செய்த பொருளே வெளியே போய் நாலு பேர் முன்னால் நிற்கப்போவது இதுவே முதல் தடவை. அதில் தம் கை தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் பதினேழு தாள்களில் பதினேழு தலைகளை வரைந்து வைத்திருந்தபடியால், சொல்லாமலே வீட்டில் அனைவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

இளவேனில் பிள்ளைகளுக்குக் கிட்டார் கற்றுக்கொடுப்பவர். வரும் ஞாயிறு மாலை ஒரு கல்லூரி அரங்கில் அவருடைய மாணவர்கள் வாசிக்கவிருந்தார்கள். நிறைவாக அவரும் வாசிக்க வேண்டும். பழைய கிட்டாரின் கழுத்து வளைந்து போயிருந்தது. புதியதில்தான் வாசிப்பேன் என்று மாணவர்களின் பெற்றோர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை, தாள்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பப்பட்டன. இளவேனிலின் தம்பி கதிர், ஐடி அலுவலகத்துக்குப் போகும் வழியில் தோசை சாப்பிட வந்தவர், அப்படியே தீர்ப்பும் வழங்கினார். தேவாலய வளைவைப் பார்த்து வரைந்திருந்ததைக் கல்லறைக் கல் என்றார். மயில் தோகையைத் தோசைச் சட்டுவம் என்றார். மூன்று வளைவுகள் கொண்ட ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இதே மாதிரி ஒரு வெளிநாட்டுக் கிட்டாரை யூடியூபில் பார்த்திருப்பதாகச் சொன்னபோது, பிரான்சிஸ் அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இளவேனில் எதையும் பழிக்கவில்லை. எல்லாமே அழகுதான், ஆனால் எதைப் பார்த்தாலும் வேறு யாரோ ஒருவருடைய நினைவு வருகிறது என்று மட்டும், மிகவும் தயங்கிச் சொன்னார்.

அன்று முழுவதும் யோசித்துப் பிரான்சிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். இளவேனில் பிறந்து வளர்ந்தது தொண்டாமுத்தூரில். வாசலைத் திறந்தால் வெள்ளிங்கிரி மலை. அதன் ஏழு முகடுகளையும் தலையின் மேல்விளிம்பில் வெட்டிவிட்டால் மனைவிக்கும் மகிழ்ச்சி, வேறெவரும் வைத்திராத வடிவமும் ஆயிற்று. தலையின் முகப்புக்கென வைத்திருந்த ஈட்டி மரத் தகடு ஒன்றே ஒன்றுதான். அதை ஒட்டிக் காயவிட்டு, வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் உளியும் அரமுமாக உட்கார்ந்தார்.

மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்துத் தலையின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். மட்டத்துக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய ஓர் ஒளிக்கீற்று தெரிந்தது. மறுபக்கம் வைத்தார், அங்கும் அதே கீற்று.

பேட்டர்ன் வேலையில் நேர்ச்சுவர் வைப்பது பெருங்குற்றம். பக்கங்கள் சற்றே சரிந்திருந்தால்தான் மண்ணை உடைக்காமல் பேட்டர்னை உருவி எடுக்க முடியும். அந்தச் சரிவை டேப்பர் என்பார்கள். உள்மூலைகளும் கூராக இருக்கலாகாது; இருந்தால் வார்ப்பு அங்கே விரிசல் விடும். பதினெட்டு ஆண்டுகள் இதிலேயே பழகிய கை, எவரையும் கேட்காமல் கிட்டாருக்கும் டேப்பர் கொடுத்துவிட்டது. மலைகளுக்கு நடுவிலிருந்த பள்ளங்களையெல்லாம் உருட்டிவிட்டது. அவற்றோடு முகடுகளின் கூர்மையும் போய்விட்டது.

அலுவலகம் விட்டு வந்த கதிர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க மாமா, வெள்ளிங்கிரியைக் காணமுங்க. ஏழு இட்லியை வரிசையா வெச்சாப்புலயல்ல இருக்குது.” சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் துணிந்தார். “இதை மண்ணுல பதிச்சு இரும்புலயே ஒரு நூறு கிட்டார் வாத்துப்போடலாமுங்க.”

வழக்கமாக இதற்கெல்லாம் முதலில் சிரிக்கிறவர் பிரான்சிஸ்தான். அன்று சிரிக்கவில்லை. கதிர் முகம் சுண்டி, டீ போட்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

பக்கங்களை நேராக்கச் செதுக்கினால் சாவிகளின் திருகாணிகளுக்கு மரம் போதாது. தலையையே அறுத்துவிட்டு வேறு ஒட்டலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகாது. மனைவி வந்து பக்கத்தில் நின்றதும் அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“பழசையே எடுத்துட்டுப் போ அம்மணி. இது ஆவாது. என்ற கைக்குப் பம்பைத் தவிர ஒண்ணுந் தெரியாதாட்ட இருக்குது.”

இளவேனில் பக்கத்தில் உட்கார்ந்தார். கிட்டாரை மடியில் வைத்து, தலையின் பக்கங்களைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தடவிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் தேங்காய் துருவும் பலகை, மறு கையில் குட்டை முக்காலி, கக்கத்தில் ஜெபப் புத்தகம் வைக்கும் தாங்கி. மூன்றும் இந்தப் பதினான்கு வருட இல்லறத்தில் பிரான்சிஸ் அவ்வப்போது செய்து கொடுத்தவை.

“அந்த மட்டத்தை இதுல வெச்சுப் பாருங்க.”

துருவுபலகையில் வைத்தார். ஒளிக்கீற்று. முக்காலியில் வைத்தார். அங்கும் இருந்தது. தாங்கியின் உள்மூலையில் விரலை விட்டுப் பார்த்தார். கோழி முட்டையின் முனையை அழுத்தி எடுத்ததுபோல் உருண்டிருந்தது. இத்தனை நாளும் அவர் கவனித்ததே இல்லை.

“நீங்க செஞ்சதைக் கண்ணை மூடிட்டே சொல்லிப்போடுவனுங்க,” என்றார் இளவேனில். “கடைச் சாமான் கையைக் குத்தும். உங்களுது வழுக்கிட்டு எறங்கும். உங்க அடையாளத்தைப் பதினேழு தாள்ல தேடுனீங்க. நானு தெனமும் அதுலதானுங்க தேங்கா துருவறேன்.”

“அப்ப மலை?”

“மலை தொண்டாமுத்தூர்லயே இருக்கட்டுமுங்க. அதை ஆரு வேணாலும் வரையலாம்.”

பிரான்சிஸ் முக்காலியின் காலை ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு அரத்தை எடுத்தார். ஏழு மேடுகளையும் இறக்கி, நடுவில் மெதுவாக உயர்ந்து இருபுறமும் தாழும் ஒரே வளைவாக்கினார். இம்முறை டேப்பரைத் தெரிந்தே விட்டுவைத்தார். முகப்பின் விளிம்பு பக்கவாட்டில் இறங்கும் இடத்தையும் பள்ளங்களை உருட்டுவதுபோலவே உருட்டினார். மறுநாள் சாவிகளுக்கான துளைகளைச் சரிவுக்குச் செங்குத்தாகப் போட்டார்; சாவிகள் தடையின்றிச் சுழன்றன. பதினேழு தாள்களில் எதிலும் வரையாத தலை அது. பார்க்க மிகவும் சாதாரணமாக இருந்தது. இது எவர் கண்ணில் படப்போகிறது என்ற ஐயம் அவருக்குத் தீரவே இல்லை. ஆனாலும் மாற்றவில்லை.

ஞாயிறு மாலை, அரங்கின் ஓரத்தில் பிள்ளைகள் வாசித்து முடிக்கும்வரை கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு மாணவியின் தந்தை நின்றிருந்தார். லட்சுமணசாமி என்று பெயர் சொன்னார். கணபதி வட்டாரத்தில் ஒரு வார்ப்பாலையில், பேட்டர்னை மண்ணில் பதிக்கும் மோல்டராம். இடம் நெருக்கடியாக இருந்ததால் பிரான்சிஸ் சற்றுத் திரும்ப, கிட்டாரின் தலை அவர் தோளில் இடித்தது. மன்னிப்புக் கேட்பதற்குள் லட்சுமணசாமி அதைக் கையால் பிடித்து நகர்த்தினார். நகர்த்தியவர் கையை எடுக்கவில்லை. கட்டைவிரல் பக்கவாட்டில் மெல்ல இறங்கிற்று.

“ஏனுங்க,” என்றார் தாழ்ந்த குரலில், “இது பேட்டர்ன் வேலை பாக்கறவரு செஞ்சதுங்களா?”

“ஆமாங்க,” என்றார் பிரான்சிஸ். “நாந்தானுங்க.”

“டேப்பர் நல்லாக் குடுத்திருக்கீங்க. மண்ணே ஒட்டாதுங்க.”

மேடையில் இளவேனிலின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவர் வந்து கிட்டாருக்காகக் கை நீட்டினார். கணவரின் முகத்தைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டார். ஒன்றுமில்லை, போய் வாசி என்று பிரான்சிஸ் தலையை ஆட்டினார். கிட்டாரை விடுவதற்கு மட்டும் அவருக்கு ஒரு கணம் அதிகமாகப் பிடித்தது.