சீனிச்சாமியின் உள்ளங்கை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவரிலிருந்து கிடைத்தது. போடியில் ஒரு வீட்டு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டேன். செம்பை வாங்கிக் குடித்துத் திருப்பிக் கொடுக்கிற நேரத்துக்குள், உள்ளே மாட்டியிருந்த பழைய படம் ஒன்று கண்ணில் பட்டது. நாற்காலியில் மாலையோடு ஓர் ஆள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் விரித்த உள்ளங்கை. யாருடைய படம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஐப்பசி மாதத்து மேகங்கள் மலைச்சரிவில் இறங்கி, ஏலச்செடிகளின்..."

(அடித்துவிட்டேன். மேகத்தில் தொடங்குகிறவனுக்கு ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.)

மறுபடியும். அழகுமலை போடியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தான். 1957இல் மதுரைக்குப் போய்ப் புதிதாக ஒரு பெட்டிக் காமிரா வாங்கி வந்தான். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஒன்று எடுத்ததும் பக்கத்திலுள்ள திருகைச் சுற்ற வேண்டும். அப்போதுதான் முதுகிலுள்ள சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வந்து நிற்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் அவனுக்கு வேண்டாம். ஆட்கள் அன்றாடம் வேலை பார்ப்பதை எடுக்க வேண்டும். இந்த ஆசை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். என் ஆசையைத்தான் அவன் தலையில் கட்டுகிறேன் போலிருக்கிறது.

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அவன் அக்கா சுருளியம்மாள் காய் எடுத்தாள். அவள் புருஷன் சீனிச்சாமி, காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போட்டார். அழகுமலை காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறினான்.

3

அங்கேதான் சிக்கல். அந்தச் சனங்கள் அப்போது ஆயுசுக்கு ஒரு தடவைதான் படம் எடுத்துக்கொண்டார்கள், செத்த அன்றைக்கு. குளிப்பாட்டி, நாற்காலியில் சார்த்தி, மாலை போட்டு, பெண்டாட்டிக்குக் கடைசியாகப் பூ வைத்துப் பக்கத்தில் நிறுத்தி எடுப்பார்கள்.

காய் எடுக்கும் பெண்கள் இரண்டு நாளில் காமிராவுக்குப் பழகிவிட்டார்கள். சீனிச்சாமி மட்டும் மசியவில்லை.

"அதை அங்கிட்டுத் திருப்பு மாப்ளே. நான் நல்லாத்தான இருக்கேன்."

"இது அதுக்கில்ல மச்சான். சும்மா, சோலி பாக்குறதை எடுக்கிறேன்."

"சோலி பாக்குறதைத்தான் தெனமும் பாக்குறமே. அதுக்கு எதுக்குப் படம்?"

அழகுமலையிடம் பதில் இல்லை. (என்னிடமும் இல்லை.) பத்துப் படங்கள் ஆயின. ஒன்றில் சீனிச்சாமியின் தோள் இருந்தது, ஒன்றில் துண்டின் நுனி. பதினோராவதற்கு அழகுமலை அவரைக் களத்து வெயிலில் நேருக்கு நேர் மடக்கினான். அவர் சட்டென்று உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் விரித்தார். அந்த நேரம் பார்த்து விசை அழுந்திவிட்டது.

"இனிமே உங்களை எடுத்தா ஏன்னு கேளுங்க மச்சான்." கோபத்தில் திருகைச் சுற்றாமலே காமிராவைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிவிட்டான். சாப்பிட்டுப் போகச் சொல்லி அக்கா பின்னாலேயே வந்தாள். அவன் நிற்கவில்லை.

4

பதினேழாம் நாள் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. மலைக்காய்ச்சல்.

"ஒங்க மச்சான் போயிட்டாருண்ணே. அந்தப் படப் பொட்டியக் கொண்டாரச் சொல்லுச்சு அக்கா. வெரசா வாங்க."

சீனிச்சாமியைப் பிழைக்க வைத்தும் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். காய்ச்சல் விட்டு, கஞ்சி குடித்து, எழுந்து உட்கார்ந்து... ஆனால் அவர் பிழைத்தால் நான் பார்த்த படம் இல்லை. ஒரு படத்துக்காக ஓர் ஆளைச் சாகவிட்டிருக்கிறேன். அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

சீனிச்சாமியை நாற்காலியில் சார்த்தியிருந்தார்கள். கை இரண்டும் மடியில் கிடந்தன. இப்போது எதையும் மறைக்கவில்லை. சுருளியம்மாள் தலை நிறையப் பூவோடு நின்றாள்.

"அவுக மொகம் எங்கிட்ட வேற இல்ல தம்பி. பாத்து எடு."

சிவப்புக் கண்ணாடியில் 11 என்று இருந்தது. பதினொன்று இனிமேல்தான் எடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று அழகுமலை நினைத்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. எடுத்தான், திருகைச் சுற்றினான், 12 வந்தது. இன்னொன்றும் எடுத்து வைக்கலாமா என்று யோசித்தான். உடலைத் தூக்க நேரமாகிவிட்டது என்றார்கள்.

5

மதுரையில் கழுவி வாங்கிய படத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. மாலை தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, அக்காவின் பூ கூடத் தெரிந்தது. முகத்தின் மேல் வெயில் பட்டு வெளுத்த உள்ளங்கை. பன்னிரண்டாவதில் ஒன்றுமே இல்லை.

முடிவு ஒன்று: படம் விழவில்லை என்று பொய் சொல்லி, வருகிற வழியிலேயே அழகுமலை அதைக் கிழித்து...

(முடியாது. நான்தான் சுவரில் பார்த்துவிட்டேனே.)

முடிவு இரண்டு: அக்கா அவனை வாயில் வந்தபடி திட்டித் தீர்க்கிறாள். திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"கை அவுகளுதுதான். அடுப்புல சுட்ட தழும்பு கெடக்கு பாரு." பிறகு கேட்டாள்: "அடியில மொகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"தெரியலயே."

"அன்னைக்குக் கோவத்துல திருகைச் சுத்தாம வந்துட்டேன்க்கா. ரெண்டு படமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துருச்சு. எம்மேலதான் தப்பு."

அவள் படத்தை அவன் கையில் கொடுத்தாள். கண்ணாடி போட்டு வாங்கி வந்து, போடியில் அவன் வீட்டுச் சுவரில் மாட்டச் சொன்னாள். மாட்டினான். சந்தனம் குழைத்து மோதிர விரலில் எடுத்துக்கொண்டு அவள் படத்தின் முன் வந்து நின்றாள். பொட்டு நெற்றியில் வைக்க வேண்டும். நெற்றி கைக்கு அடியில் இருக்கிறது.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அன்றைக்குச் செம்பும் கையுமாக நின்றபோது பொட்டு எங்கே இருந்தது என்று நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அழகுமலை அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நிற்கிறான். பொட்டை அவள் எங்கே வைப்பாள்? அந்த உள்ளங்கையிலா, அதற்கு அடியில் முகம் இருப்பதாக நினைத்துக்கொண்டு கண்ணாடியில் ஏதோ ஓர் இடத்திலா? அவள் விரல் இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. சந்தனம் காய்வதற்குள் நீங்கள் சொல்லுங்கள்.