வால்வு மூடி இரண்டு

என் வீட்டுக்காரர், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். "பைக்கும் வேண்டாம், வேலையும் வேண்டாம்" என்று பத்து நாளாக ஒரே பாட்டு.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது என் வேலை. பைக் இல்லாமல் நடக்காது. போன மாதம் பின் டயரில் காற்று இறங்கியது தெரியாமல் ஒரு வளைவில் சறுக்கி விழுந்தேன். முழங்கை உரிந்தது, போன் உடைந்தது, வீடு சேர நாலு மணி நேரம் தாமதம். அன்றிலிருந்து மனிதர் தையல் மிஷினை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவர் காதைக் கொண்டுபோய்விட்டது. நான் வருவது கேட்காது, அதனால் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே வெளிச்சமும் போதாது, கண்ணும் துணியில் இல்லை. ஒரு சட்டைக்கு இடது கையையும் வலது கையையும் மாற்றித் தைத்துவிட்டார்.

வேலையை விட எனக்கு மனசில்லை. அவரை அப்படிப் பார்க்கவும் சகிக்கவில்லை. மெக்கானிக் அண்ணனிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"இதுக்குப் போயா இவ்ளோ கவலை? பழைய வால்வு மூடியைக் கழட்டிட்டு இந்த சென்சார் மூடியைத் திருகிடும்மா. டயர்ல எவ்ளோ காத்துன்னு போன்ல நம்பர் காட்டும், குறைஞ்சா கத்தும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானே திருகினேன். சோப்பு நுரை தடவி, கசிகிறதா என்றும் பார்த்தேன். நிமிர்வதற்குள் வீட்டுக்காரர் இரண்டு சென்சாரையும் தன் போனில் இணைத்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

உதட்டைப் படிக்கட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "வண்டி ஓட்டறது நானா, நீங்களா? நான் தெருவைத் தாண்டினா உங்க போன்ல ஒண்ணும் தெரியாது!"

"தெரியாதா?" அவர் முகம் சுண்டிப்போனது. "நீ எங்க போனாலும் காட்டும்னு நெனச்சேன்."

அதற்கு மேல் என்ன கோபப்படுவது? என் போனிலும் இணைத்துக்கொண்டேன். அவர் போனிலிருந்து எடுத்துவிடக் கை வரவில்லை.

மறுநாள் நான் முதல் வீட்டை எட்டுவதற்குள் செய்தி வந்தது: 'நம்பர் போயிடுச்சு.'

'உங்க பொண்டாட்டி கூடத்தான் போயிருக்கு' என்று பதில் போட்டேன்.

மதியம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கழுத்தில் அளவு டேப்போடு மனிதர் வெளியே ஓடி வந்தார்.

"முன்னாடி இருபத்தெட்டு, பின்னாடி முப்பத்திரண்டு! நீ கிட்ட வந்தா போன் உதறுது!" தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

அன்று சாயங்காலமே மிஷின் ஜன்னலோரத்துக்குத் திரும்பியது. வேலையை விடச் சொல்லும் பாட்டும் நின்றது.

வியாழக்கிழமை ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்தேன். ரத்தம் எடுக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அவர் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலர் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன்.

"வந்துட்டியா? தண்ணி குடி" என்றார், தலையைத் திருப்பாமலே.

காது கேட்ட காலத்தில் பைக் சத்தத்துக்கு அப்படித்தான் சொல்வார். காது போன பிறகு நான் தோளைத் தொட்டால்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் திடுக்கிடுவார்.

"வந்துட்டேன்" என்றேன், அந்த முதுகைப் பார்த்து. கேட்காது என்று தெரியும். இன்னொரு தடவையும் சொன்னேன்.