நாலில் ஒரு பங்கு தண்ணீர்

தென்காசியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் மாரிச்செல்வத்தைக் கடையில் வைத்தே மூக்கை உடைத்து, பைக்கில் ஏற்றி, சுந்தரபாண்டியபுரத்துக் கிணற்றடிக்கு இழுத்து வந்திருந்தான் சங்கிலிப்பாண்டி. குற்றாலமலையில் மேகம் அடைந்து கிடந்தது. வயலோ வெடித்துக் கிடந்தது. மாரிச்செல்வம் கட்டிக்கொடுத்த மோட்டார் ஒரே மாதத்தில் புகைந்தது. மறுபடி கட்டி இறக்கியும் தண்ணீர் சரியாக ஏறவில்லை.

“செம்புக்குப் பதிலா அலுமினியத்தச் சுத்திருக்க. கணக்குப் போட்டுக் காட்டுலே. காயில்ல குத்தம்னா அந்தக் கைய இங்கனயே வெட்டிருவேன்.”

“வெட்டுங்க அண்ணாச்சி. மொதல்ல ட்ரம்மக் கொண்டாங்க. வெட்டுன பொறவு கணக்குப் போட முடியாதுல்லா.”

அதற்கும் ஒரு அறை விழுந்தது.

சங்கிலிப்பாண்டியின் மனைவி ரெங்கம்மாள் இருநூறு லிட்டர் ட்ரம்மை உருட்டி வந்தாள். மோட்டாரைப் போட்டதும் அது நிறைய நாற்பது விநாடி ஆனது. மாரிச்செல்வம் ஒயரில் டெஸ்டரை மாட்டி ஆம்பியர் பார்த்தான். போனில் கணக்குப் போடும்போது மூக்கு ரத்தம் திரையில் சொட்டியது. துடைத்துவிட்டுப் போட்டான்.

“நாலாயிரம் வாட் இழுக்கு. அறுபத்தாறு அடியிலருந்து இந்தத் தண்ணியத் தூக்க ஆயிரம் போதும். நாலுல ஒரு பங்குதான் வேல செய்யுது, மிச்சம் சூடாப் போவுது. நல்ல மோட்டார்னா பாதியாவது தேறணும்.”

“அப்ப உன் காயில்தாம்லே.”

அவன் மணிக்கட்டைக் கிணற்றடித் தொட்டியின் விளிம்பில் அழுத்தி அரிவாளை ஓங்கினான் சங்கிலிப்பாண்டி.

“மூணு லைன்ல ஒண்ணுல கரண்டே இல்ல அண்ணாச்சி. மதினி, அந்தச் சாக்கத் தூக்குங்க.”

சாக்குக்கு அடியில் கண்டன்சர் இருந்தது. மூன்று பேஸ் மோட்டாரை இரண்டு பேஸில் ஓட்ட வைத்தது. காயிலை எரித்ததும் அதுதான்.

“நீங்கதான ஆலங்குளத்துல வாங்கிட்டு வந்தீய,” என்றாள் ரெங்கம்மாள்.

அவளை ஓங்கி அறைந்தான். அரிவாளை எறிந்துவிட்டு, ஈரத்தில் வெறுங்காலோடு நின்றபடி கண்டன்சர் ஒயரைக் கையால் பிடித்து இழுத்தான். ஒயர் அவனைப் பிடித்துக்கொண்டது. பல் கிட்டித்தது. மெயின் சுவிட்ச் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மாரிச்செல்வம் காய்ந்த தென்னமட்டையை எடுத்து அவன் முழங்கையில் அடித்தான். முதல் அடியில் விடவில்லை. இரண்டாவதில் எலும்பு முறிந்து, கை ஒயரை விட்டது.

மெயினை அணைத்துவிட்டுத் திரும்பினால், கீழே கிடந்தவன் இடது கையால் சகதியில் அரிவாளைத் துழாவிக்கொண்டிருந்தான். ரெங்கம்மாள் அதை எடுத்துக் கிணற்றுக்குள் வீசினாள்.

“மோட்டார் மேல விழுந்துரும் மதினி.”

“விழட்டும்.”